புயலில் தோப்பு விழுந்த மறுநாளிலிருந்து: எந்த வேலையை முதலில் செய்வது, எந்தக் காகிதம் வேண்டும்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறியது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னை. 140 மரத்தில் 104 மரம் போனது. அப்பாவால் தோப்புக்குள் போகவே முடியவில்லை, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அப்போது கோவையில் வேலையில் இருந்தேன். பட்டா எது, சிட்டா எது, அடங்கல் எது என்று எனக்குத் தெரியாது. கிராம நிர்வாக அலுவலரை அதற்கு முன் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

அடுத்த ஐந்து மாதம் அலைந்து கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன். என்னைப் போல வெளியூரில் இருந்துவிட்டு, புயலுக்குப் பிறகு ஓடிவந்து எல்லாவற்றையும் தலையில் சுமக்கப்போகிற பிள்ளைகளுக்காக இது. தென்னையை வைத்துச் சொல்கிறேன். வாழை, பலா, நெல் என்றாலும் காகித வேலை ஏறக்குறைய இதேதான்.

எனக்குப் புரிந்த ஒரே விஷயம், பணம் கிடைப்பதும் கிடைக்காததும் முதல் பத்து நாளில் நாம் சேர்க்கும் சாட்சியத்தைப் பொறுத்தது. மரம் விழுந்தது ஊருக்கே தெரியும். ஆனால் அது உங்கள் மரம், இத்தனை மரம், இந்தப் புல எண்ணில் (சர்வே நம்பரில்) நின்ற மரம் என்று காகிதத்தில் இருந்தால்தான் நிவாரணப் பட்டியலில் ஏறும்.

1. முதல் நாள்: கரண்ட் கம்பி, மாடு, அப்புறம்தான் தோப்பு

தோப்புக்குள் ஓடாதீர்கள். விழுந்த மரத்துக்கு அடியில் மின்கம்பி கிடக்கும். லைன் செத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். எங்கோ ஒருவர் வீட்டில் ஜெனரேட்டர் ஓடினால், சரியாகப் பிரிக்காத இணைப்பு வழியாக மின்சாரம் திரும்ப வரும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

மாடு, ஆடு செத்திருந்தால் அதுதான் அன்றைக்கு முதல் வேலை. புதைத்துவிட்டு மனு கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, பிரேதப் பரிசோதனைச் சான்று தர வேண்டும். அவர் வரத் தாமதமானால் 1962-க்கு அழைத்துச் சொல்லுங்கள். காதில் போட்டிருக்கும் அடையாளத் தோடு தெரியும்படி படம் எடுங்கள், அந்தத் தோட்டைக் கழற்றாதீர்கள். 2022-26-க்கான பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். எங்கள் தெருவில் ஒரு அம்மா நாற்றம் தாங்காமல் இரண்டு ஆடுகளை அன்று மாலையே புதைத்துவிட்டார். கடைசிவரை அவர் பெயர் பட்டியலில் வரவில்லை.

வீட்டுக்கூரை போயிருந்தால், தார்ப்பாய் போடுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

2. வெட்டுவதற்கு முன் எண்ணுங்கள்

இதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். வீட்டுக்குப் போகும் பாதையை மறித்துக் கிடந்த மரங்களை இரண்டாம் நாளே ஆள் வைத்து அறுத்து ஒதுக்கிவிட்டேன். பாதையைத் திறந்துதான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் படம் எடுக்கவில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் துண்டுகளைப் பார்த்து, "இது எத்தனை மரம்னு நாங்க எப்படி எழுதுறது தம்பி?" என்று கேட்டார்கள். தூர் குழியைக் காட்டிக் காட்டித்தான் எழுத வைத்தேன்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ஒரு டப்பா சுண்ணாம்போ பெயின்டோ எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு மரத்துக்கும் தூர்ப்பக்கம் ஒரு எண் போடுங்கள். வரப்போரம் ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாகப் போக வேண்டும். ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டு எழுதுங்கள்: வேரோடு சாய்ந்தது, நடுவில் முறிந்தது, கொண்டை முறிந்து மொட்டையாக நிற்பது, பாதி சாய்ந்து நிற்பது.

மூன்றாவது வகையைக் கவனியுங்கள். மொட்டையாக நிற்கும் மரம் தூரத்திலிருந்து பார்த்தால் நிற்கிற மரம்தான். ஆனால் தென்னைக்கு ஒரே குருத்து. அது போனால் அந்த மரம் மறுபடி துளிர்க்காது. எங்கள் தோப்பில் அப்படி எட்டு மரம். கணக்கில் 96 என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். கஜாவுக்கு அரசு அறிவித்தது மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. எட்டு மரத்துக்கு 8,800 ரூபாய். இதற்காகப் பிறகு மூன்று மனு எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை.

படம் எடுக்கும்போது கைப்பேசியில் இருப்பிடத்தை ஆன் செய்துகொள்ளுங்கள். தேதி, நேரம், அட்சரேகை தீர்க்கரேகை படத்தின் மேலேயே பதிகிற இலவசச் செயலிகள் உண்டு. ஒரு மரத்துக்கு ஒரு படம் போதும். அதோடு தோப்பின் நாலு மூலையிலிருந்தும் ஒரு நீண்ட வீடியோ. வீடியோ எடுத்துக்கொண்டே புல எண்ணை வாயால் சொல்லுங்கள். அன்றைக்கே இன்னொருவர் கைப்பேசிக்கு அனுப்பி வையுங்கள். மின்சாரம் இல்லாமல் உங்கள் போன் அணைந்துவிடும், மழையில் நனையும், தொலையும்.

கணக்கெடுப்பு முடிவதற்குள் கட்டைகளை விற்காதீர்கள். முதல் வாரத்திலேயே செங்கல் சூளைக்கு எடுப்பவர்கள் லாரியோடு வருவார்கள். "இப்பவே தள்ளுங்க, அடுத்த வாரம் சும்மா கொடுத்தாலும் எடுக்க மாட்டோம்" என்பார்கள். அடுத்த வாரம் விலை குறைவது உண்மைதான். ஆனாலும் இருங்கள். ஒரு மரக்கட்டைக்குக் கிடைக்கும் காசைவிட அந்த மரத்தின் நிவாரணம் பல மடங்கு.

இளநீர், குரும்பை, முற்றிய காய் மூன்றும் வேறு கதை. அவற்றை உடனே எடுக்கலாம். இளநீர் நாலைந்து நாளில் வீணாகிவிடும். முற்றிய காயை உரித்துக் கொப்பரை போடுவது நல்லது, ஏனென்றால் ஊரே ஒரே வாரத்தில் காயை விற்க நிற்கும்.

3. காகிதங்கள்: நாலு இடத்திலும் ஒரே பெயர்

கையில் வைத்திருக்க வேண்டியவை: சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகல், குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படம். எல்லாவற்றிலும் பத்துப் பத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டர் வைத்து நகல் எடுத்துக் கொடுத்த கடையில் ஒரு பக்கத்துக்கு ஐந்து ரூபாய், அதற்கும் வரிசை.

சிட்டா என்பது நிலம் யார் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்துக் கட்டணமில்லாமல் எடுக்கலாம். அடங்கல் என்பது அந்த நிலத்தில் இந்தப் பருவத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று சொல்வது. அதைக் கிராம நிர்வாக அலுவலர் தர வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்று என்று நினைத்துச் சிட்டாவோடு மட்டும் போய் நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

இதில் நான்கு பொறிகள் இருக்கின்றன.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது. டெல்டாவில் பாதிக் குடும்பத்தின் நிலை இதுதான். தாத்தா இறந்து இருபது வருடம் ஆகியிருக்கும். வரி கட்டுவது அப்பா, உழுவது அப்பா, பட்டாவில் தாத்தா. இதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 60 ரூபாய். நிலத்தை உட்பிரிவு செய்தால் அளவைக் கட்டணம் தனி. பணம் பெரிதல்ல, நாள்தான் பெரிது. புயலுக்குப் பிறகு நில அளவையர் கையில் கிடைக்க மாட்டார். நிவாரணக் கணக்கெடுப்பு பட்டா மாறும்வரை காத்திருக்காது. அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள்: பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்த ரசீது, வாரிசுச் சான்று, அனுபவத்தில் இருப்பவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று, மூன்றையும் சேர்த்து மனுவோடு இணையுங்கள்.

கூட்டுப் பட்டா. எங்களுடையது அதுதான். அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் சேர்ந்திருந்தன. சித்தப்பா சிங்கப்பூரில். அவரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்ட கடிதம் வர மூன்று வாரம் ஆனது. உங்கள் பங்காளி வெளிநாட்டில் இருந்தால் புயலடித்த அன்றைக்கே போன் போட்டு இந்தக் கடிதத்தைக் கேளுங்கள். ஸ்கேன் செய்த நகலை முதலில் வாங்கி இணைத்துவிட்டு, அசல் வந்ததும் கொடுக்கலாம். ஏற்கெனவே பங்காளிச் சண்டை இருந்தால், பணத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கணக்கெடுக்க வந்தவர் முன்னால் அண்ணன் தம்பி சத்தம் போட்டதால் ஒரு முழுத் தோப்பையே எழுதாமல் போனதைப் பார்த்தேன்.

கோயில் நிலம், மடத்து நிலம், குத்தகை. நிலம் உங்களுடையது இல்லை, மரமும் பயிரும் உங்களுடையவை. குத்தகை ரசீது, குத்தகைப் பதிவு இருந்தால் அதன் நகல், சாகுபடிச் சான்று இவை கட்டாயம். வாய்ச்சொல் குத்தகையாக இருந்தால் நிலச் சொந்தக்காரரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். புயலுக்கு மறுநாள் மனது இளகியிருக்கும். நிவாரணத் தொகை அறிவித்த பிறகு அவரிடம் கையெழுத்து வாங்குவது கஷ்டம்.

அடங்கலில் வேறு பயிர். தென்னை வைத்துப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். அடங்கலில் இன்னும் நிலக்கடலை என்றோ தரிசு என்றோ இருக்கும். இதைப் புயலுக்கு முன்னாலேயே திருத்த வேண்டும். புயல் வராத நல்ல நாளில் ஒரு அரை மணி நேரம் போதும். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் அடங்கலைப் பாருங்கள்.

4. வங்கிக் கணக்கு

நிவாரணம் நேராகக் கணக்கில்தான் வரும். அப்பாவின் பாஸ்புக்கில் தலைப்பெழுத்து பின்னால் இருந்தது, ஆதாரில் முன்னால் இருந்தது. இதற்காகவே ஒரு மாதம் போனது.

பார்க்க வேண்டியவை சிலதான். கணக்கு உயிரோடு இருக்கிறதா? இரண்டு வருடத்துக்கு மேல் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். அடையாள ஆவணம் கொடுத்து மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். ஆதார் இணைந்திருக்கிறதா? வங்கிகள் இணைந்த பிறகு பழைய பாஸ்புக்கில் இருக்கும் ஐஎஃப்எஸ்சி எண் செல்லாமல் போயிருக்கலாம். புது எண்ணைக் கேட்டு எழுதுங்கள். கணக்கு எண்ணைக் கணக்கெடுக்க வந்தவரிடம் வாயால் சொல்லாதீர்கள். நகலைக் கொடுங்கள், அவர் எழுதியதையும் ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள். ஒரு எண் மாறினால் பணம் வேறு எங்கோ போகும், அல்லது திரும்பிப் போகும். திரும்பிப் போன பணம் மறுபடி வர எத்தனை மாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பயிர்க்கடன் பாக்கி உள்ள கணக்கைக் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் யோசனை, கடன் இல்லாத வேறொரு சேமிப்புக் கணக்கைக் கொடுங்கள்.

5. கணக்கெடுக்க வரும் நாள்

வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்துதான் வருவார்கள். நம் மாநிலத்தில் தென்னையும் நெல்லும் வேளாண் துறை. வாழை, மா, பலா, பூ எல்லாம் தோட்டக்கலைத் துறை. தென்னைக்கு ஊடே வாழை போட்டிருந்தால் இரண்டு துறையும் பார்க்க வேண்டும். ஒரு துறைக்காரர் எழுதிவிட்டுப் போனதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

எங்களுக்குப் பதினோராம் நாள் வந்தார்கள். வரும் நாளைச் சொல்லிவிட்டு வரமாட்டார்கள். அதனால் முதல் இரண்டு வாரம் வீட்டில் ஒருவராவது எப்போதும் இருக்க வேண்டும். அவர்களுக்கும் சாப்பாடு தூக்கம் இல்லை, ஒரு நாளைக்கு எத்தனையோ தோப்பு ஏறி இறங்குகிறார்கள். கோபத்தில் கத்தி ஆகப்போவது எதுவும் இல்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எண் போட்ட மரங்களை வரிசையாகக் காட்டுங்கள். அவர்களுக்கும் வேலை சுலபம். எண் போட்டு வைத்திருந்த பக்கத்துத் தோப்பில் அரை மணி நேரத்தில் முடித்தார்கள், ஒரு மரம்கூட விடவில்லை.

எழுதிய எண்ணிக்கை, புல எண், பெயர், கணக்கு எண் நாலையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். யாராவது உங்கள் பெயரைச் சேர்க்கப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எங்கள் ஊரில் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே நாளில்தான் பணம் ஏறியது.

நெல்லுக்கும் மற்றப் பயிருக்கும் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால்தான் நிவாரணம். 2022-26 விதிப்படி இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, நீண்டகாலப் பயிருக்கு 22,500. மாநில அரசு ஒவ்வொரு புயலுக்கும் தனி அரசாணை போடும். தொகை அதில் கூடலாம், மாறலாம். அதனால் பத்திரிகையில் வந்த தொகையை நம்பிக் கணக்குப் போடாமல், அரசாணை எண்ணைக் கேட்டு, அதைப் படித்துப் பாருங்கள். மனுவிலும் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். எண் போட்ட மனுவைப் புறந்தள்ளுவது கடினம்.

6. காப்பீடு தனி, நிவாரணம் தனி

ஒன்று வாங்கினால் மற்றது கிடைக்காது என்று யாரோ சொல்லி, எங்கள் ஊரில் பலர் காப்பீட்டுக்கு மனுவே போடவில்லை. அது தவறு. இரண்டும் வேறு வேறு.

நெல்லுக்குப் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். விவசாயி கட்டுவது குறுவைக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், சம்பாவுக்கு 1.5 சதவீதம், வாழை போன்ற தோட்டப் பயிருக்கு 5 சதவீதம். விளைச்சல் குறைவு கிராம அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை வைத்துத்தான் முடிவாகும். அறுவடை முடிந்து மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அறுத்து வயலில் காயப்போட்டிருந்த நெல் புயலில் போனால், அறுத்த 14 நாளுக்குள் என்றால், உங்கள் வயலுக்குத் தனியாகவே கேட்கலாம். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். எண் 14447. கரண்டும் இல்லை, டவரும் இல்லை என்ற நிலையில் 72 மணி நேரம் எப்படி ஓடும் என்றே தெரியாது. டவர் கிடைக்கும் ஊர்வரை சைக்கிளிலாவது போய்ச் சொல்லிவிட்டு, கொடுத்த பதிவு எண்ணை எழுதி வையுங்கள்.

தென்னைக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது என்பதே எனக்குப் புயலுக்குப் பிறகுதான் தெரிந்தது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டம், நடத்துவது இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனம். 4 முதல் 15 வயது மரத்துக்குப் பிரீமியம் 9 ரூபாய், காப்பீடு 900 ரூபாய். 16 முதல் 60 வயதுக்குப் பிரீமியம் 14 ரூபாய், காப்பீடு 1,750 ரூபாய். அந்தப் பிரீமியத்திலும் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கட்டும் என்பதுதான் திட்டம். 16 முதல் 60 வயது மரத்துக்கு நாம் கட்டுவது மூன்றரை ரூபாய். குறைந்தது ஐந்து மரம் இருந்தால் சேரலாம். 104 மரத்துக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்று இரவு தூங்கவில்லை. உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் இந்த ஒன்றை மட்டும் புயல் வருவதற்கு முன் கேளுங்கள்.

7. கடன்

கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ பயிர்க்கடன் இருந்தால், தவணை வரும்வரை காத்திருக்காதீர்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்த பகுதிகளில் குறுகிய காலப் பயிர்க்கடனை நீண்ட காலக் கடனாக மாற்றித் தர ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிக் கேட்டால்தான் மாற்றுவார்கள். ஒரு தாளில் எழுதி, சேதச் சான்று இணைத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

கடன் மாற்றம் வேறு, தள்ளுபடி வேறு. தள்ளுபடி வரும் என்று காத்திருந்து தவணையைத் தவறவிட்டால் அடுத்த பருவத்துக்குக் கடன் கிடைக்காது. நகைக்கடனுக்கு இந்தச் சலுகை வரும் என்று நம்பி இருக்காதீர்கள். எங்கள் ஊரில் புயலுக்குப் பிறகு நிறையத் தாலிக்கொடிகள் அடகுக்கடைக்குப் போயின, பல திரும்பவில்லை. வட்டியைக் கேட்டுவிட்டு, திருப்பும் தேதியை வீட்டுச் சுவரில் எழுதிவிட்டு அடகு வையுங்கள்.

8. தோப்பைச் சுத்தம் செய்வது

கணக்கெடுப்பு முடிந்த மறுநாளே இதை ஆரம்பித்துவிட வேண்டும். விழுந்த மரம் மக்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். சில மாதத்தில் அங்கிருந்து பறக்கும் வண்டுகள் நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். அந்தத் துளை வழியாகச் சிவப்புக் கூன்வண்டு உள்ளே போகும். புயல் விட்டுவைத்த மரங்களை வண்டு கொண்டுபோன தோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

செலவு இதுதான்: மெஷின் வைத்து அறுப்பது, ஜேசிபி வைத்துத் தூர் எடுப்பது, ஓரத்துக்கு இழுப்பது மூன்றும் சேர்ந்து எனக்கு மரத்துக்கு 700 ரூபாய்க்கு மேல் போனது. முதல் மாதம் ஜேசிபி வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்துத் தோப்புக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டியை நாள் கணக்கில் பேசினால் மணி வாடகையைவிடக் குறையும்.

கட்டையை முழுதாக அடுக்கி வைக்காதீர்கள். நீளவாக்கில் பிளந்து போட்டால் சீக்கிரம் காயும். காய்ந்த கட்டையில் வண்டு வராது. தூரை நிலத்துக்குள் விட்டுவிட்டு மேலே மண் தள்ளினால் வேலை மிச்சம் என்று தோன்றும். அந்தத் தூரில்தான் தஞ்சாவூர் வாடல் நோயின் பூசணம் இருந்துகொண்டு பக்கத்து மரத்துக்குப் போகும். தோண்டி எடுங்கள். வண்டின் புழுவைக் கொல்ல எருக்குழியில் பச்சை மஸ்கார்டைன் பூசணம் தெளியுங்கள். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சட்டிகளில் வைத்தால் வண்டு வந்து விழும்.

நிற்கும் மரங்களுக்கு: தொங்கும் மட்டையை ஒட்ட வெட்டாதீர்கள், நாலடி விட்டு வெட்டுங்கள். வெட்டுக்காயத்தின் வாசனைக்குக் கூன்வண்டு வரும். குருத்து அழுகாமல் இருக்க ஒரு சதவீத போர்டோ கலவை, அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, கொண்டையில் தெளிக்க வேண்டும். மேல் மட்டைகளின் இடுக்கில் மூன்று அந்துருண்டை வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். சாய்ந்த இளங்கன்றுகளை முதல் வாரத்துக்குள் நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, மண் அணைத்தால் பிழைக்கும். பெரிய மரத்தை இழுத்து நிமிர்த்த முயலாதீர்கள்; மிச்சமிருக்கும் வேரும் அறுந்துவிடும்.

நின்ற மரம் உடனே பழையபடி காய்க்கும் என்று செலவுக்குத் திட்டம் போடாதீர்கள். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஒரு வருடம் ஆகும், அந்தப் பாளையோ மரத்துக்குள் அதற்கு இரண்டு வருடத்துக்கும் முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது. எங்கள் 36 மரத்தின் காய்ப்பு சரியாவதற்கு மூன்று வருடம் பிடித்தது.

9. மறுநடவு

அவசரப்பட்டுக் கன்று வாங்காதீர்கள். புயலுக்குப் பிறகு லாரி லாரியாக எங்கிருந்தோ கன்றுகள் வந்து இறங்கும். எந்த ரகம் என்று விற்பவருக்கே தெரியாது. தென்னையில் தவறான கன்றை வாங்கியது ஆறேழு வருடம் கழித்துத்தான் தெரியவரும். எங்கள் பக்கத்தில் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அரசுப் பண்ணைகளும் இருக்கின்றன. முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருங்கள். 9 முதல் 12 மாதக் கன்று, ஆறு இலைக்குக் குறையாமல், கழுத்துப் பகுதி தடித்ததாக இருக்க வேண்டும். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம், குட்டை மூன்று நான்கு வருடம். 25 அடிக்கு 25 அடி இடைவெளி, ஏக்கருக்கு 70 கன்று. ஆடியிலோ மார்கழியிலோ நடலாம். பழைய குழியிலேயே நடாமல் தள்ளி வையுங்கள்.

அந்த ஆறேழு வருடத்துக்கு வருமானம் ஊடுபயிர்தான். நாங்கள் உளுந்தும் கடலையும் போட்டோம். அதை மறுபடி அடங்கலில் ஏற்றிவிடுங்கள். அடுத்த புயலுக்கு அது தேவைப்படும்.

10. பெயர் விட்டுப்போனால்

பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் வட்டாட்சியருக்கு மனு, அடுத்து கோட்டாட்சியர், அதற்கடுத்து திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர் கூட்டமும் நடக்கும்; வேளாண் அதிகாரிகள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதால் எனக்கு அதுதான் பயன்பட்டது. 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்புத் திட்டத்தின் எண் 1100-லும் பதிவு செய்யலாம்.

ஒவ்வொரு இடத்திலும் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். "கொடுத்துட்டுப் போங்க, பாத்துக்கிறோம்" என்பது ரசீது ஆகாது. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: பெயர், கிராமம், புல எண், மொத்த மரம், சேதமான மரம், கணக்கில் ஏறிய மரம், விட்டுப்போன மரம், இணைப்புகள். புயல் எப்படி அடித்தது என்று எழுத வேண்டாம், அது அவர்களுக்கும் தெரியும்.

ஒரு மாதம் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இந்தத் தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கணக்கெடுப்புப் படிவத்தில் என் புல எண்ணுக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருக்கிறது, அதன் நகல் வேண்டும்" என்று எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நான் எட்டு மரத்துக்கு மனு மேல் மனு எழுதினேனே தவிர, இதைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தெரிந்தபோது பட்டியலை மூடியிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் பெயரே விட்டுப்போன ஒருவர் இந்த வழியில் போனார். படிவத்தில் அவருடைய புல எண்ணின் உட்பிரிவு தவறாக எழுதப்பட்டிருந்தது தெரிந்து, திருத்தி, அடுத்த பட்டியலில் பணம் வந்தது.

எங்களுக்கு 96 மரத்துக்கு 1,05,600 ரூபாய், மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை ஏறியது. அப்பா பாஸ்புக்கில் பதிந்துகொண்டு வந்து, அந்தப் பணத்தில் முதலில் ஜேசிபிக்காரர் பாக்கியைக் கொடுத்தார்.